ஒரு அக்காவும் ஒரு சாணும்

வாடகைக்கு அறை தேடிப் போன இடத்தில்தான் அவர்களை முதலில் பார்த்தேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தரையில் ஒரு பெண்மணி மல்லாந்து படுத்திருந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன. வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கையில் சாக்குக்கட்டியோடு, ஒரு மனிதர் அவரைச் சுற்றித் தவழ்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

செத்துக் கிடக்கும் ஆளைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் இப்படிக் கோடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த வாரமே சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று நினைத்து, வந்த வழியே பின்வாங்கினேன். செருப்பு வாசல்படியில் தட்டிவிட்டது.

கிடந்த பெண்மணி கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ரூம் பாக்க வந்தீங்களா? மாடியில இருக்கு. சாவி கதவுலயே தொங்குது. நான் எந்திரிச்சா இவரு மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. நீங்களே போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

"அசையாத," என்றார் தவழ்ந்தவர், ஊசிகளுக்கு நடுவே.

"பேசுனா அசைஞ்சதா ஆயிடுமா?"

"தாடை அசையுது. தாடை அசைஞ்சா தலை அசையும். தலை அசைஞ்சா நீளம் போச்சு."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சட்டை மாட்ட சுவரில் ஒரு ஆணி. எனக்கு அது போதும். இறங்கி வந்தபோதும் அந்த அம்மா அதே கிடையில்தான் இருந்தார். வாடகை, தண்ணீர் வரும் நேரம், ராத்திரி கதவைச் சாத்தும் முறை எல்லாவற்றையும் படுத்தபடியே சொல்லி முடித்தார். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். தவழ்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அளவு ஆபீஸா?" என்றார்.

அளவு ஆபீஸ்தான். கடைகளில் இருக்கும் தராசு, எடைக்கல், லிட்டர் குவளை, மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியலில் முதல் வகுப்பு. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை; என்னைப் படிக்க வைத்தவர்களும் கூச்சப்படாமல் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்கிறார்கள். நான் வளர்ந்த கிராமத்தில் எதையும் கையால் அளப்பார்கள், காலால் அளப்பார்கள், கண்ணாலேயே அளந்து முடித்துவிடுவார்கள். ஒருவருக்குக் கை நீளம், இன்னொருவருக்குக் குட்டை. அதனால் வந்த அடிதடிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மீட்டர் என்றால் உலகம் முழுக்க ஒரே மீட்டர்தான் என்று பாடத்தில் படித்தபோது, அப்பாடா என்று இருந்தது. அப்படிப்பட்டவன், கட்டிய மனைவியை அளவுகோலாக வைத்துத் தொழில் செய்கிற ஒருவரின் மாடியில் குடிவந்தேன்.

அவரைக் கரைக்காரர் என்றால்தான் அந்தப் பகுதியில் தெரியும். நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா என்னை டிகிரி தம்பி என்று கூப்பிட்டார்.

ஒட்டுப்போர்வைக்குக் கரை வைத்துத் தைப்பதுதான் அண்ணனின் தொழில். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த நடுப்பகுதியை வேறு வீடுகளில் இருந்து கொண்டுவந்து போடுவார்கள். படத்துக்குச் சட்டம் மாட்டுவது போல, அதன் நான்கு பக்கமும் ஒரே நிறத்தில் பட்டை வைத்துத் தைப்பார் இவர். பார்த்தால், இதில் என்ன இருக்கிறது, பட்டையை ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் வெட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படித் தைத்தால் கரை நெளிநெளியாக எழுந்து நிற்கும். போர்வையின் ஓரம் பல கை பட்டு இழுபட்டு நீண்டிருக்கும். உண்மையான நீளம் நடுவில்தான் இருக்கிறது. அதனால் நடுவில் அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். பட்டையின் நடுவைப் போர்வையின் நடுவோடும், முனையை முனையோடும் ஊசி குத்தி நிறுத்திவிட்டு, இடையில் மிஞ்சுகிற துணியைச் சமாதானப்படுத்திக்கொண்டே தைக்க வேண்டும். சமாதானப்படுத்துவது என்பது அண்ணனின் வார்த்தை.

அந்த நடுவில்தான் அக்கா படுப்பார். குதிகால் கீழ் ஓரத்தில் இருக்கும். உச்சந்தலைக்கு மேலே அண்ணன் தன் கையால் ஒரு சாண் வைப்பார். அது நீளம். விரித்த கைகளில் இந்த நடுவிரல் நுனியில் இருந்து அந்த நடுவிரல் நுனி வரை அகலம். மிஞ்சிய துணியை வெட்டுவார், குறைந்தால் ஒரு வரிசைத் துண்டு சேர்ப்பார். பிறகு பட்டையை அதே அக்காவின் பக்கத்தில் கிடத்தி வெட்டுவார். எந்தப் போர்வைக்கும் இதே கணக்குதான். குண்டானவர் கேட்டாலும், ஒல்லியானவர் கேட்டாலும், ஒரு அக்காவும் ஒரு சாணும்.

குடிவந்த கொஞ்ச நாளில் என் தொழில் புத்தி சும்மா இருக்க விடவில்லை.

"அண்ணே, இதுக்குன்னு டேப்பு விக்கிறாங்களே," என்றேன்.

"வெச்சிருந்தேன் தம்பி. துணி டேப்பு. துணிய துணியால அளந்தா ரெண்டும் கூட்டு சேந்துக்கும். இது நீண்டா அதுவும் நீளும். என்ன ஏமாத்துதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெச்ச போர்வை ஒண்ணு கடல் அலை மாதிரி வந்து நின்னுச்சு. டேப்ப தூக்கி அடுப்புல போட்டேன். அன்னைக்கு மத்தியானம் இவ களைச்சுப் போயி அந்தத் துணி மேலயே படுத்துத் தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. தலைக்கு மேல ஒரு சாண் விட்டு, விரிச்ச கை வரைக்கும் சுத்திக் கோடு போட்டு வெட்டுனேன். தண்ணி விட்ட மாதிரி படிஞ்சு கிடந்துச்சு கரை."

"எழுப்ப மனசு வராத ஆளு," என்றார் அக்கா, அடுப்படியில் இருந்து. "அன்னையில இருந்து என்ன நிம்மதியா ஒக்காரவும் விட்டதில்ல."

"இரும்பு டேப்பு இருக்குண்ணே. அது நீளாது."

"இவளும்தான் நீளல."

பிறகு அவர் ரகசியமாக, "உங்க ஆபீஸ்ல ஆளுக்கு முத்திரை குத்துவாங்களா தம்பி? பின்னால ஏதும் கேஸு வந்துறக் கூடாது பாருங்க," என்று கேட்டார். போர்வை எண்ணிக்கையில் விற்கப்படுவதால் அவருக்கு அளவுகோல் சட்டம் பொருந்தாது என்று விளக்கினேன். இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. அன்று எனக்கு டீ இரண்டாவது முறையும் வந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியைத் தடம் புரட்டியவர் ஹாஸ்டல் வார்டன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெண்கள் ஹாஸ்டல். பல வருடங்களாக அண்ணனிடம்தான் அவர்கள் கரை வைப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மா இரண்டு போர்வைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அக்கா அப்போது தரையில் அளவுக்குப் படுத்திருந்தார். நான் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்க பழைய போர்வை. இது போன மாசம் குடுத்தது," என்றார் வார்டன். ஒன்றின் மேல் ஒன்றை விரித்தார். "பாருங்க. புதுசுல பிள்ளைங்களுக்குக் கால் கட்டவிரல் வெளிய நிக்குது."

புதியது இரண்டு விரல் குட்டையாக இருந்தது.

"பழச துவைச்சு இழுத்துக் காயப் போட்டிருப்பீங்க," என்றார் அண்ணன்.

"ஹாஸ்டல் போர்வைங்க. அது தண்ணியவே பாத்ததில்ல."

அண்ணன் குனிந்தார். நீளவாக்கில் தடவிப் பார்த்தார். பிறகு அகலத்தைப் பார்த்தார். அகலம் நூல் பிசகாமல் சரியாக இருந்தது. அங்கேதான் அவர் நின்றுவிட்டார். அவர் யோசிப்பது எனக்குக் கேட்டது என்றே சொல்லலாம். வெட்டியதில் தவறு என்றால் இரண்டு பக்கமும் தவற வேண்டும். அகலம் கையால் வந்தது, அது சரி. நீளம் உடம்பால் வந்தது, அது குறைகிறது.

மெதுவாகத் திரும்பி, தரையில் கிடந்த மனைவியைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அப்ப இவதான் கொறைஞ்சிருக்கா," என்றார்.

குத்தம் சொல்லும் குரல் இல்லை அது. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். வயதானால் முதுகெலும்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று எனக்கும் தெரியும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

அக்கா எழுந்தார். அளவெடுக்கும் நடுவில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. உடையில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டார். வார்டனைப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்க, பாலு கொதிச்சு இருக்கு," என்றார். பிறகு வாசலைத் தாண்டி, எதிர்ச்சாரியில் இருந்த தன் தம்பியின் இஸ்திரிக் கடைக்குள் போய், அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

சாயந்திரம் வந்துவிடுவார் என்று நினைத்தோம். வரவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் பார்த்தால் மறுபடியும் அதே ஸ்டூல். அவர் தம்பி துணிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கொடுக்க, அக்கா மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வாசல் அவருக்கு நேராகத் தெரியும். நாங்கள் தும்மினால்கூட அங்கே கேட்கும்.

ஹாஸ்டலுக்குப் பாக்கிப் போர்வைகள் கொடுத்தாக வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு ரெண்டு நிமிஷம் படுங்களேன்."

முதல் வகுப்பில் தேறியவனை அப்படிக் கேட்டால் என்ன செய்வது. படுத்தேன். நான் அக்காவைவிட உயரம்.

"அவ உங்க காது வரைக்கும் வருவா," என்றார் அண்ணன்.

"காதுன்னா மேல்நுனியா, கீழ்மடலா?"

"நடுக்காதுன்னு வெச்சுக்கங்க."

எதிர்க்கடையில் இருந்து அக்காவின் தம்பி, சூட்டுப்பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, "மாமா, செருப்போட பாத்தா காது. செருப்பு இல்லன்னா தாடை," என்றார். அக்கா தம்பியின் தோளில் ஒரு அடி வைத்தது தெரிந்தது.

நடுக்காது என்று முடிவானது. நடுப்பகுதிக்கு அளவெடுத்தபோது நான் ராணுவக்காரன் போல விறைத்துக் கிடந்தேன். பட்டைக்கு அளவெடுக்க அவர் ஆரம்பிப்பதற்குள் தரையின் குளிர்ச்சி சுகமாக ஏறி, முழங்கால் மடங்கித் தூங்கியே போய்விட்டேன். தைத்து விரித்தபோது கரை நெளிந்து நெளிந்து நின்றது. அதைப் பார்த்து அண்ணன் சொன்னார்: "படிச்ச உடம்பு. ஒரு நிலையில நிக்காது."

அடுத்து கோணிப்பையில் பஞ்சை அடைத்து அக்காவின் அளவுக்கு ஒன்று செய்தார். அளவு எது என்று கேட்டதற்கு, "கண்ணுக்குள்ளயே இருக்கு," என்றார். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். தோள் சரியில்லை என்று பிரித்தார். மறுபடி அடைத்தார். இடுப்பு சரியில்லை என்று பிரித்தார். அளவுக்கு இடுப்பு எதற்கு என்று கேட்டேன். கடைசியில் அந்த மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். எதிர்க்கடையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மடித்த சட்டை ஒன்றை உதறித் திரும்ப மடித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அலுவலகத்தில் இருந்து வரும் வழியில் நல்ல இரும்பு டேப் ஒன்று வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இழுத்தார், விட்டார். சர்ரென்று உள்ளே ஓடியது. மறுபடி இழுத்து, எண்களை உற்றுப் பார்த்தார்.

"இதுல அவ எங்க இருக்கா?" என்றார்.

அக்காவின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது.

"அது எதுக்குண்ணே. வார்டனோட பழைய போர்வை இங்கதான கிடக்கு. அத அளந்து அப்படியே வெட்டிருவோம். வேலை முடிஞ்சுது."

அண்ணன் டேப்பை என் சட்டைப் பையில் போட்டார்.

"அந்த நீளம் எனக்குத் தெரியாதா தம்பி? நீளமா இப்ப பிரச்சன? நான் அதப் பாத்து வெட்டுனா, அவ கொறைஞ்சது நிஜம்னு ஊரு முன்னால கையெழுத்துப் போட்ட மாதிரி. அவ இல்லாமலும் தொழில் நடக்கும்னு சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் அந்த ஸ்டூல்ல இருந்து எந்திரிப்பாளா?"

போர்வையும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம், அக்கா படியேறி வர வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான். அதை நேராகப் போய்ச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

அக்காவின் தம்பிதான் தூது வந்தார். தேய்த்த துணிகளைக் கொடுக்க வருவது போல வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாமா, அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. வார்டன் முன்னாடி சொன்னீங்கல்ல, அதே வார்டன் முன்னாடி, இவ கொறையலன்னு சொல்லிருங்க. அடுத்த நிமிஷம் வந்துரும்."

"ரெண்டு விரல் கொறைஞ்சிருக்கு மாப்ள. துணியே சொல்லுது. துணி சொன்னத நான் இல்லன்னு சொன்னா, நாளைக்கு எந்தத் துணி என்ன மதிக்கும்?"

"துணி மதிச்சு என்ன செய்யப் போகுது மாமா. சோறு போடுமா?"

"அளவுல நான் பொய் சொன்னதில்ல."

"நல்லது. அந்த மூட்டைக்கு ஒரு பேர வெச்சு அதுகூடயே இருங்க," என்று சொல்லிவிட்டு மச்சினர் போய்விட்டார்.

மறுநாள் நான் கடைக்குப் போனேன். தேய்க்க ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதை வாங்கி, காலர் பட்டனைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"கொறையிறது ஒரு தப்பா தம்பி? வயசானா எல்லாந்தான் கொறையும். பல்லு கொறையுது, முடி கொறையுது. அதுக்கா கோவிச்சுக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கேன்?"

"பின்ன என்னக்கா?"

"கல்யாணம் ஆன வருசத்துல இருந்து, ஆடாம அசையாம படுத்துக் கெடந்தேன். மூக்கு அரிச்சா சொறிய விட மாட்டாரு. ஈ ஒக்காந்தா அவருதான் ஊதுவாரு. அந்தம்மா வந்து போர்வைய விரிச்சதும், தன்னோட வெட்டு தப்பா இருக்குமோ, தன்னோட சாண் கொறைஞ்சிருக்குமோன்னு ஒரு நிமிசம் யோசிச்சாரா? நேரா என்னத்தான பாத்தாரு."

யோசித்தேன். சாண் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நீளம் என்பது அக்காவும் சாணும் சேர்ந்தது. அண்ணனும் நினைத்துப் பார்க்கவில்லை.

"கொறைஞ்சேனா இல்லையான்னு தெரிஞ்சுக்க வழியும் இருக்கு," என்றார் அக்கா. "நான் மொத மொதல்ல தூங்கிப்போன அந்தப் போர்வை இருக்குல்ல. அதுல படுத்துக் காட்டுறேன். பொருந்துச்சுன்னா, நான் கொறையலன்னு அந்த வார்டன் முன்னாடி அவரு சொல்லிரணும். பொருந்தலன்னா நானே எந்திரிச்சு வந்து, ஆமா கொறைஞ்சுதான் போயிட்டேன்னு அந்த வார்டன்கிட்ட சொல்றேன். போதுமா?"

"அது எங்கக்கா இருக்கு?"

அக்கா தலையால் மேசையைக் காட்டினார். தம்பியின் இஸ்திரி மேசை. மேலே விரித்திருந்த கறுத்துப்போன வெள்ளைத் துணிக்கு அடியில் மெத்தென்று மடித்துப் போட்டிருந்தது அந்தப் போர்வைதான். அவர் கடை திறந்தபோது அக்கா கொடுத்தது. அன்றையில் இருந்து அதன் மேல்தான் தண்ணீர் தெளித்து, சூட்டுப்பெட்டியை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீரும் சூடும் பருத்தித் துணியை என்ன செய்யும் என்று சொல்ல இயற்பியல் படிக்க வேண்டியதில்லை. துணியோடு பிறந்து வளர்ந்த அக்காவுக்கு அது தெரியாமல் இருக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"என் மேசைக்கு நான் எங்க போவேன்?" என்றார் தம்பி.

"அரை நாளு லீவு விடு. ஒண்ணும் கொள்ள போயிறாது."

மறு ஞாயிறு வார்டனையும் கூட்டி வந்தார்கள். இஸ்திரிக் கடை வாசலில் தெருவைக் கூட்டிப் பாய் விரித்து, அதன் மேல் போர்வையை விரித்தார்கள். அதில் நிறமே இல்லை. சில இடங்களில் சூட்டுப்பெட்டியின் முனை முக்கோணமாகப் பதிந்திருந்தது. தேய்க்காத துணிகளைத் திருப்பி வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் பாதி முடி வெட்டிய ஆளோடு வந்து நின்றார். அண்ணன் சாக்குக்கட்டியோடு வந்தார். அக்காவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"டிகிரி தம்பி பாத்துச் சொல்லட்டும்," என்றார் அக்கா. "அரசாங்க முத்திரை ஆளு. யாரு பக்கமும் சாய மாட்டாரு."

அக்கா படுத்தார். குதிகாலைக் கீழ்க் கரையோடு சேர்த்தார். அண்ணன் மண்டியிட்டு உச்சந்தலைக்கு மேல் சாண் வைத்தார். அவர் சுண்டுவிரல் நுனி, மேல் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"கைய விரிக்கட்டும்," என்றார் முடிவெட்டுகிறவர்.

அக்கா கைகளை விரித்தார். இரண்டு பக்கமும் நடுவிரல் ஒரு கணு அளவுக்குப் போர்வையைத் தாண்டி பாயில் கிடந்தது.

அண்ணன் அந்த விரல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போர்வை சுருங்கியிருக்கிறது, நீளத்தில் அது சுருங்கிய அளவுக்கு அக்காவும் குறைந்திருக்கிறார், அகலத்தில் அக்கா குறையவில்லை. வெட்ட வெளிச்சம். அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். அக்கா தாமே எழுந்து வார்டனிடம் ஒப்புக்கொள்வார். பிறகு அந்த ஸ்டூலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே இருக்கும் தெரு இன்னும் அகலமாகிவிடும்.

"என்ன தம்பி?" என்றார் வார்டன். "சொல்லுங்க."

"நீளம் பொருந்துது. அகலம் பொருந்தல," என்றேன்.

"அப்படின்னா?"

"ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கணும். போர்வை சுருங்கியிருக்கணும்..."

"இல்லன்னா?" என்றார் அண்ணன்.

கேள்வி என்று வந்தால் முழுப் பதிலையும் எழுதிப் பழகியவன் நான். தர்க்கப்படி இன்னொன்றும் இருந்தது.

"இல்லன்னா, கை வளந்திருக்கணும்."

தெருவே அண்ணனைப் பார்த்தது. அவர் மண்டியிட்டபடியே வார்டனை நோக்கித் திரும்பினார்.

"கைதான் வளந்திருக்கு," என்றார். "ஆளு கொறையல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நான் வெச்ச சாண்தான் கொறைஞ்சிருக்கும். எனக்கும் விரலு முன்ன மாதிரி விரியல."

முடிவெட்டுகிறவர், "கை வளருமாய்யா?" என்று ஆரம்பித்தார்.

"இத்தன வருசம் ஊசி இழுத்த கை. வளராம என்ன செய்யும்?" என்றார் அண்ணன்.

அக்கா படுத்தபடியே தலையை லேசாக நிமிர்த்தி, போர்வைக்கு வெளியே கிடந்த தன் விரலைப் பார்த்தார். அதை இரண்டு முறை மடக்கி நீட்டினார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"எனக்கே கொஞ்ச நாளா சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றார். "மேல் அலமாரி டப்பா இப்பல்லாம் எட்டுது."

"யாரு வளந்தா என்ன, யாரு கொறைஞ்சா என்ன," என்றார் வார்டன். "என் பிள்ளைங்களுக்குக் கட்டவிரல் மூடணும்."

"மூடிருவோம்," என்றார் அண்ணன். "இனி ஒரு சாண் ரெண்டு விரல். இந்தக் காலத்துப் பிள்ளைங்க நல்லா வளருதுங்க."

அக்கா எழுந்து, பாயைச் சுருட்டித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தார். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இடுப்பு இவ்வளவு இல்ல எனக்கு," என்றார். அன்று மாலையே அதைப் பிரித்துப் பஞ்சை ஒரு போர்வைக்குள் போட்டுவிட்டார்கள்.

ஊர் முன்னால் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டால் அதன்படி நடக்க வேண்டும் அல்லவா. கை வளர்ந்துவிட்டது என்றான பிறகு, கையை முழுதாக விரித்து அகலம் எடுத்தால் அண்ணன் சொன்னது பொய்யாகிவிடும். அதனால் அக்கா அடுத்த நாளில் இருந்து, படுத்துக் கை விரிக்கும்போது நடுவிரலை ஒரு கணு மடக்கிக்கொள்வார். அண்ணன் அந்த மடக்கிய விரல் வரைக்கும் பயபக்தியோடு கோடு போடுவார். பிறகு, தையலுக்குள் போகிற துணிக்கு என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஒரு கணுவைக் கூட்டிக்கொள்வார். அகலம் எப்போதும் இருந்த அகலமாகவே வரும். இதைக் கவனித்த நான், நேரே விரித்தே எடுத்துவிடலாமே என்று ஒரு முறை கேட்டேன்.

"அது எப்படி தம்பி முடியும்?" என்றார் அண்ணன். "வளந்த கையாச்சே."

அக்கா கண்ணை மூடியபடியே, "தாடை அசையுது," என்று அவரை அதட்டினார்.

எனக்கு அதன் பிறகு அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தது. இப்போது நான் ஆய்வாளர். முத்திரை என் பையிலேயே இருக்கிறது. மச்சினர் தன் மேசைக்குப் புதிய விரிப்புப் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு முழங்கால் மடங்குவதில்லை என்பதால் தவழ்வதை விட்டுவிட்டார். தச்சரிடம் சொல்லி, கட்டில் அளவுக்கு ஒரு மேசை செய்து முன்னறையில் போட்டிருக்கிறார்கள். அக்கா ஸ்டூல் வைத்து அதன் மேல் ஏறிப் படுக்கிறார். அண்ணன் நின்றபடியே சுற்றி வந்து கோடு போடுகிறார். ஹாஸ்டலுக்கு வருடா வருடம் போர்வைகள் போகின்றன. கட்டைவிரல் மூடுகிறது என்று வார்டன் சொல்கிறார். அண்ணனும் அக்காவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நானும் அதே மாடியில்தான் இருக்கிறேன்.